ஃபயர்வாலுக்கும் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நிறுவனங்களின் கணினிப் பாதுகாப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, இணைய இணைப்புக்கும் அலுவலகக் கணினிகளுக்கும் நடுவே, வந்துபோகும் தரவுகளை விதிகளின்படி வடிகட்டும் ஒரு ஃபயர்வால் பெட்டியை வைத்துவிட்டால் பெரும்பாலான ஆபத்து நீங்கிவிடும் என்ற அளவில் நின்றுவிட்டது. சேலத்திலும் ஏற்காட்டிலும் சில அலுவலகங்களின் நெட்வொர்க்கைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், அந்த ஃபயர்வாலிலும் பிழை வரும் என்பதையும், பிழை திருத்தப்பட்ட பிறகும் அந்தத் திருத்தம் நம் ஊர்ப் பெட்டிக்கு வந்து சேராமலே கிடக்கிறது என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக 2001இல் எழுதப்பட்ட பிஎஃப் என்னும் ஃபயர்வால் மென்பொருள், பின்னர் ஃப்ரீபிஎஸ்டி என்ற மற்றோர் இயங்குதளத்துக்கும் கொண்டுவரப்பட்டது. பழைய கணினி ஒன்றில் செலவின்றி நிறுவி அதை ஃபயர்வால் பெட்டியாக்கிக்கொள்ளக்கூடிய பிஎஃப்சென்ஸ் என்னும் மென்பொருள் இந்த ஃப்ரீபிஎஸ்டியின் மேல்தான் இயங்குகிறது என்பதால், ஜவ்வரிசி ஆலை அலுவலகம் வரைக்கும் அது வந்துவிட்டது. இணைய முகவரி முறையின் புதிய பதிப்பான ஐபிவி6இல் துண்டுதுண்டாக வரும் பாக்கெட்டுகளை, அதாவது தரவுப் பொதிகளை, ஒன்றுசேர்க்கும் பிஎஃப்பின் நிரல் பகுதியில் ஒரு பிழை இருப்பதை, சினாக்டிவ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டறிந்து தெரிவித்தார்கள். 2019 மார்ச்சில் நிரல் திருத்தப்பட்டது.

பிழையின் தன்மையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பெரிய பாக்கெட் ஒன்றைத் துண்டுகளாக அனுப்பும்போது, ஒவ்வொரு துண்டின் தலைப்பகுதியிலும் 'இது ஒரு துண்டு' என்று அறிவிக்கும் தனித் தலைப்பு ஒன்று சேர்க்கப்படுகிறது. துண்டுகளை இணைத்து முழுப் பாக்கெட்டாக்கும் ஃபயர்வால், அந்தத் தலைப்பை நீக்கிவிட்டு, அதற்கு முன்னால் உள்ள தலைப்பில் 'அடுத்து வருவது இன்னது' என்று குறிக்கும் இடத்தைத் திருத்தி எழுத வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்பதை முதல் துண்டைப் பார்த்துக் கணக்கிட வேண்டிய நிரல், கடைசியாக வந்து சேர்ந்த துண்டைப் பார்த்துக் கணக்கிட்டுவிட்டது. லாரி புக்கிங் ஆபீசில் முதல் மூட்டையின் சீட்டைத் திருத்த வேண்டிய குமாஸ்தா, எத்தனையாவது வரி என்பதைக் கடைசி மூட்டையின் சீட்டிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் நடந்தது. எல்லாத் துண்டுகளிலும் தலைப்புகள் ஒரே அமைப்பில் இருக்கும் வரை யாருக்கும் எதுவும் தெரியாது. வேண்டுமென்றே முதல் துண்டையும் கடைசித் துண்டையும் வேறு வேறு நீளத் தலைப்புகளோடு ஒருவர் அனுப்பினால், தவறான இடத்தில் எழுதப்பட்டு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் நின்றுபோகலாம், அல்லது தடுக்கப்பட வேண்டிய பாக்கெட் விதிகளைத் தாண்டி உள்ளே போய்விடலாம்.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. 'ஸ்க்ரப் ஆல் இன்' என்ற வரியை, அதாவது துண்டுகளை ஒன்றுசேர்த்துச் சீர்படுத்திய பிறகே சோதிக்கும் ஏற்பாட்டை, விதிக் கோப்பில் எழுதி வைத்தவர்களுக்குத்தான் இந்தப் பிழையால் பாதிப்பு. பரிந்துரைக்கப்பட்ட வழியில் கவனமாக அமைத்தவரே மாட்டிக்கொண்டார்.

திருத்தம் மிகச் சிறியது: இடத்தைக் கணக்கிடக் கடைசித் துண்டுக்குப் பதிலாக முதல் துண்டை எடுத்துக்கொள்வது. ஃப்ரீபிஎஸ்டி 2019 மே 14 அன்று அறிவிப்பு வெளியிட்டு, அப்போது ஆதரவில் இருந்த 11.2, 12.0 பதிப்புகளுக்கு அப்டேட் கொடுத்தது. ஆனால் இது கெர்னலில் செய்யும் மாற்றம் என்பதால் பெட்டியை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய அலுவலகத்தில் அதற்குச் சம்மதம் வாங்குவது எளிதன்று. ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் அலுவலகத்தின் அலமாரி மேல், நிறுவியவர் வேலையை விட்டுப் போன பிறகு ஒருமுறைகூட அப்டேட் காணாத பெட்டி ஒன்று இன்றும் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. "ஓடுறதை எதுக்குங்க தொடணும்?" என்பதே எனக்குக் கிடைத்த பதில். 'எங்களிடம் ஐபிவி6 இல்லை' என்று சொல்பவர்களும் உண்டு; இணைப்புத் தரும் நிறுவனங்கள் பல அதைத் தாமாகவே இயக்கி வைத்திருப்பதை அவர்கள் மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஆகவே, ஏசிக்கும் ஜெனரேட்டருக்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும் உரிமையாளர்கள், ஃபயர்வாலுக்குப் போடும் ஒப்பந்தத்தில் பாதுகாப்பு அப்டேட்டை எத்தனை நாளுக்குள் ஏற்ற வேண்டும் என்பதையும், அதற்காகப் பெட்டியை நிறுத்தும் நேரத்தையும் எழுத்தில் சேர்க்க வேண்டும். இத்தகைய திருத்தங்கள் வெளிவரும்போது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று விவரங்களையும் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் நான்கு வரிகளில் வெளியிட்டால், என்னைப் போன்றவர்கள் அதைக் கத்தரித்துக் கொண்டுபோய் உரிமையாளரிடம் காட்ட முடியும். நாங்கள் வாயால் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.