திட்டுவதற்கு ஓர் ஆள்

நாமக்கல்,
மே 17, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கோமதிக்கு,

பதினாறு மாதங்களாக உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. பொங்கல் வாழ்த்துக்கும், அண்ணனுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்ததாக நீ எழுதிய கடிதத்துக்கும் பதில் போடாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருக்கிறாள் என்றால், ஏதோ காரியம் இருக்கிறது என்று உறையின் கனத்தை வைத்தே நீ கண்டுகொண்டிருப்பாய். அண்ணனுக்குப் பார்வை தெளிந்துவிட்டது என்று புஷ்பம் அக்கா சொன்னார். இங்கே அத்தைக்கு முழங்கால் வலி. யாழினியின் அப்பாவுக்குத் தீவன ஆலையில் ஓயாத வேலை. எனக்கு எடை கூடியிருக்கிறது. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

எழுதாமல் இருந்தது சோம்பலால் அன்று, பயத்தால். யாழினியை ஒன்பதாம் வகுப்பின் நடுவில், சென்ற ஆண்டு சனவரியில், பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேதியியல் நடத்துகிறவளிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? நம் கல்லூரி விடுதியில், இரண்டாம் மாடி ஜன்னல் வழக்கில் நான் வார்டன் முன்னால் வாயைத் திறக்காமல் நின்றபோது நீ என்னைப் பார்த்த பார்வையே இன்னும் எனக்குப் போதும்.

இந்த ஊர்ப் பள்ளிகளைப் பற்றி உனக்குத் தெரியும். முட்டைக்கும் லாரிக்கும் பெயர் பெற்ற ஊர், மதிப்பெண்ணுக்கும் பெயர் பெற்றது. பிராய்லர் பள்ளி என்ற பெயரை யார் முதலில் வைத்தார்களோ, கோழிப் பண்ணைகளுக்கு நடுவே குடியிருக்கும் எங்களுக்கு அது உவமையாகவே தோன்றுவதில்லை. எருமப்பட்டிச் சாலையில் இரவில் போனால், விளக்கு எரியும் கொட்டகைகளில் எது பண்ணை, எது விடுதி என்று ஒரு கணம் தடுமாறத்தான் செய்கிறது. யாழினி படித்த பள்ளியில் தீபாவளி முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களை மூடி வைத்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடங்களைத் தொடங்கினார்கள். காலை ஆறே முக்காலுக்கு வேன் வரும். திரும்பி வர இரவு எட்டு. மார்கழியில் ஒரு நாள் அவள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். கையில் தோசைத் துண்டு இருந்தது. அதைப் பிடுங்கி எடுத்தபோது விழித்துக்கொண்டு, "அம்மா, நான் எழுதி முடிச்சுட்டேன்" என்றாள். மறுவாரம் மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீ கேட்பாய். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான் பேசுகிறது. அதற்கு மேல் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க அதற்கு வாயில்லை. யாழினிக்குப் பதினான்கு முடிந்திருந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேரவும் அந்த வயதுதான் குறைந்தபட்சத் தகுதி. ஐந்து பாடங்கள் எடுத்தால் போதும். ஒரே மூச்சில் எழுதவேண்டும் என்பதில்லை. ஒருமுறை சேர்ந்தால் ஐந்து ஆண்டுகள், ஒன்பது வாய்ப்புகள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் இவற்றோடு ஓவியத்தையும் எடுத்துக்கொண்டாள். ஓவியம் ஒரு பாடம் என்று ஓர் அரசு நிறுவனம் அச்சடித்த புத்தகத்தில் பார்த்த அன்று அவள் முகத்தை நீ பார்த்திருக்கவேண்டும்.

முதல் இரண்டு மாதங்கள் தூங்கினாள். வெறுமனே தூங்கினாள். நான் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கால அட்டவணை ஒட்டினேன்; ஒன்பது முதல் ஒன்பதே முக்கால் வரை கணிதம், அதன்பின் அறிவியல் என்று கட்டம் போட்டு, அதில் 'இடைவேளை' என்றுகூட எழுதினேன். பாத்திரம் தேய்க்கும் கையோடு வந்து பகுபதம் சொல்லிக்கொடுத்தேன். பட்டம் வாங்கிய நாள் முதல் பயன்படாமல் கிடந்த என் வேதியியல் அறிவைத் தூசி தட்டி, செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சையும் சுண்ணாம்பு நீரும் விட்டு நிறம் மாறுவதைக் காட்டினேன். முதல் வாரம் ஆச்சரியப்பட்டாள். மூன்றாம் வாரம், "இதைத்தாம்மா அன்னைக்கே பார்த்தோமே" என்றாள். துளித்துளியாக அளந்து விடும் பியூரெட் குழாய் வீட்டில் ஏது? இருபடிச் சமன்பாட்டில் எங்களுக்குள் நடந்த சண்டையில் அத்தை நடுவராக வந்து, இருவருக்கும் மோர் கொடுத்துப் பிரித்துவிட்டார். அந்த அட்டவணை ஏப்ரலில் கிழிந்தது. யார் கிழித்தார்கள் என்று இருவரும் விசாரிக்கவில்லை.

இனி நல்லதையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீ ஒரு பக்கம் மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதிவிடுவாய். அவருடைய நண்பர் ஒருவர் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு நாள் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவள், அங்கே பெயர் எழுதும் பெரியவர் ஒருவரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டாள். ஸ்டிக்கர் வந்த பிறகு அவருக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை இருந்தால் அதிகம். அவரிடம் பத்து மாதம் போனாள். ஒரே அகலத் தட்டைத் தூரிகையைத் திருப்பித் திருப்பிப் பிடித்தே தடித்த கோடும் மெல்லிய கோடும் வரவைப்பது, எழுத்துக்கு நிழல் எந்தப் பக்கம் விழவேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது, இரும்புத் தகட்டில் எனாமல் வழியாமலிருக்க எவ்வளவு டர்பன்டைன் சேர்ப்பது என்பதெல்லாம் அவளுக்கு இப்போது அத்துப்படி. தன் பெயரிலிருக்கும் 'ழ'வின் சுழியைத் தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட அவளுக்கு நான்கு மாதங்கள் பிடித்தன. எந்தப் பள்ளி இதற்கு நான்கு மாதம் கொடுக்கும், சொல்? பிற்பகலில் அத்தைக்குச் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து இரங்கல் விளம்பரம் வரை வாசித்துக் காட்டுகிறாள். அதனால் அத்தை வீட்டுக்கல்விக் கட்சியின் நிரந்தரத் தலைவி.

அக்டோபர்ப் பருவத் தேர்வில் ஐந்தையும் எழுதித் தேறிவிட்டாள். அறிவியலில் எழுபத்தொன்று. மதிப்பெண் பட்டியலும், இடப்பெயர்வுச் சான்றிதழும் பீரோவில் இருக்கின்றன. கதை அங்கே முடிந்திருந்தால் உனக்கு வெற்றிக் கடிதம் எழுதியிருப்பேன்.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள்; இங்குள்ள அரசு மகளிர் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். அரசு கொடுத்த சைக்கிளில் நாலரை மணிக்கு வருவாள். கார்த்திகை மாதத்திலிருந்தே யாழினி நாலே காலுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிடுவதை நான் கவனித்தேன். அந்தப் பெண் வந்ததும், இயற்பியல் ஆசிரியை இன்று யாரை வெளியே நிறுத்தினார், எந்த இருவர் பேசிக்கொள்வதில்லை, விளையாட்டு விழாவில் யார் கால் இடறி விழுந்தாள் என்று ஒன்று விடாமல் கேட்பாள். பார்த்தே இராத முப்பது பெண்களின் பெயர்களும் பட்டப்பெயர்களும் அவளுக்குத் தெரியும். நாம் விடுதியில் தொடர்கதைக்குக் காத்திருந்ததைப்போல அவள் அந்த வகுப்புக்குக் காத்திருந்தாள். சென்ற மாதம் ஏதோ அற்பக் காரணத்துக்கு நான் அவளைக் கடிந்துகொண்டபோது, கோபமே இல்லாமல், கணக்குச் சொல்வதைப்போலச் சொன்னாள்: "அம்மா, என்னைத் திட்டுறதுக்குக்கூட உன்னைத் தவிர யாரும் இல்லை."

கோமதி, அன்றிரவு நான் தூங்கவில்லை. களைத்துப்போன குழந்தையை நான் காப்பாற்றினேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். காப்பாற்றவும் செய்தேன், அதில் எனக்கு இப்போதும் ஐயமில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குத் தாயே ஆசிரியையாகவும் தோழியாகவும் இருந்து சமாளித்துவிடலாம். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்னைப் பற்றிக் குறை சொல்ல ஓரிடம் வேண்டாமா? என் அம்மாவைப் பற்றி நானும், உன் அம்மாவைப் பற்றி நீயும் எத்தனை இரவுகள் பேசியிருப்போம்! அவள் பேச்சையெல்லாம் கேட்பவளும் நான், திருத்துபவளும் நான், மதிப்பெண் போடுபவளும் நான் என்று ஆனபின், அவள் எங்கே போய்ப் பொய் சொல்லுவாள், எங்கே போய் எனக்குத் தெரியாமல் வளருவாள்?

இப்போது அவள் கேட்பது, எதிர்வீட்டுப் பெண் படிக்கும் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. அவருக்கு இது பிடிக்கவில்லை. மும்பையைச் சேர்ந்த ஒரு பெண் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் மூன்று பதக்கங்கள் வாங்கி, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழே இல்லாமல் 2016இல் அமெரிக்காவின் எம்ஐடியில் சேர்ந்த கதையை வாரத்துக்கு ஒருமுறை எடுத்து வைக்கிறார். இங்கே ஐ.ஐ.டி.யில் அந்தச் சான்றிதழ் இல்லாமல் நுழைய முடியவில்லை, சிறுசேரிக் கணிதவியல் நிறுவனம்தான் இடம் கொடுத்தது என்ற பாதியை நான் நினைவூட்டினால் செய்தித்தாளை எடுத்துக்கொள்கிறார். வீட்டிலிருந்தே திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பையும் முடிக்கட்டும் என்பது அவர் கட்சி. அதன் அடியில் வேறொன்று இருப்பதும் எனக்குத் தெரியும்: தனியார் பள்ளிக்கு ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் கட்டிய வீடு அரசுப் பள்ளி வாசலில் நின்றால் ஆலையில் என்ன பேசுவார்கள் என்பது. வீட்டில் வைத்துப் படிக்கவைத்தால் அது கொள்கை. அரசுப் பள்ளிக்கு அனுப்பினால் மட்டும் கஷ்டகாலம். உன் மகனை நீ எந்தப் பள்ளியில் சேர்த்தாய் என்று கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.

உறவினர்கள் வேறு வகை. "ஏழரை சதவீதத்துக்காகவா?" என்று கண்ணடிக்கிறார்கள். 2020இல் வந்த அந்த மருத்துவ இட ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதலே அரசுப் பள்ளியில் படித்திருக்கவேண்டும், மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் கிட்டத்தட்ட அதே நிபந்தனைதான், யாழினிக்கு இரண்டும் கிடையாது என்று விளக்கினால், "அப்புறம் எதுக்கு?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்கிறார்கள். சலுகை இல்லாத இடத்துக்கு ஒரு பிள்ளை ஆசைப்பட்டுப் போகலாம் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை.

நான் அந்தப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். நல்லதை மட்டும் பார்த்துவிட்டு வரவில்லை. அறிவியல் பிரிவில் ஒரு வகுப்புக்கு ஐம்பத்தெட்டுப் பேர். இயற்பியலுக்கு இருந்த ஆசிரியை மாற்றலாகிப் போனபின் இடம் காலி. கழிப்பறையைப் பற்றி எழுதவேண்டாம். ஆனால் ஆய்வகத்தில் பியூரெட் வரிசையாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, நீ சிரிப்பாய். தலைமையாசிரியை சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, மாவட்ட அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். "வீட்டிலயே இருந்த பொண்ணு, இத்தனை பேர் நடுவுல உட்காருவாளா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு என்னிடம் விடை இல்லை.

என் பயம் அதுவும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் எதிலிருந்து அவளை வெளியே இழுத்தேனோ, அதே ஓட்டம் பதினொன்றில் வேறு வேடத்தில் வருமா என்பதுதான். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் தனியார் பள்ளிகள் தாண்டிக் குதித்ததனால்தான் 2017-18இல் அதற்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை எடுத்தும்விட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது என்று மகிழ்வதா, மறுபடியும் ஓர் ஆண்டை விழுங்கிவிடுவார்களே என்று பதறுவதா? உங்கள் பள்ளியில் இந்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பு எப்படி நடந்தது என்று பூசி மெழுகாமல் எழுது. 2018இல் வந்த புதிய புத்தகங்களை நான் வீட்டில் படித்துப் பார்த்தேன். வேதியியல் முதல் தொகுதி நம் பட்டப்படிப்பின் முதலாண்டுப் புத்தகத்தைவிட நன்றாக இருக்கிறது. நாம் இதில் படித்திருந்தால் நீ என் தாளைப் பார்த்து எழுதவேண்டிய தேவை வந்திராது.

எனக்கு வேண்டியது மூன்று பதில்கள். திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழோடு உங்களிடம் யாராவது சேர்ந்ததுண்டா, அவர்களை மற்ற பிள்ளைகள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள்? வீட்டில் தனியே படித்த பெண் ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருத்தியாகும்போது, முதல் மாதத்தில் தாய் செய்யக்கூடாதது என்ன? மூன்றாவது, ஆசிரியையாக அல்லாமல் கோமதியாகச் சொல்: அவளை நிறுத்தியது தவறா? தொலைபேசியில் அழைக்காதே. நீ பேசினால் நான் எல்லாவற்றுக்கும் சரி என்றுவிடுவேன். எழுது, சேர்க்கை முடிவதற்குள் எழுது.

அவருடைய சம்மதம் இன்னும் பாதிதான். பட்டறைப் பெரியவரிடம் நேற்றே சொல்லிவிட்டாள். அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். சனி, ஞாயிறு வரச்சொல்லித் தன் தட்டைத் தூரிகைகளில் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு, நான் மறுத்தும் கேளாமல், இந்த உறையின்மேல் உன் முகவரியை அவள்தான் எழுதியிருக்கிறாள், சிவப்பில், வலப்பக்கம் மஞ்சள் நிழல் வைத்து. உங்கள் ஊர்த் தபால்காரர் கடிதத்தைக் கொடுக்கும்போது ஒரு மாதிரி பார்த்தால் காரணம் அதுதான்.

அன்புடன்,
வசந்தா

பின்குறிப்பு: என் எவர்சில்வர் முறுக்கு டப்பா இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. இல்லை என்று இந்த முறையும் எழுதாதே.