செவ்வாய்க்கிழமை வாய் திறப்போம்: தெற்கு வேல்ஸில் வாழும் தமிழ் ஆண்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மாரே, தம்பிகளே,

கார்டிஃப், நியூபோர்ட், ஸ்வான்ஸீ, அதற்கு மேலே மலையிடுக்கில் வரிசை வீடுகளாக நீளும் பள்ளத்தாக்கு ஊர்கள் என்று எங்கே குடியிருந்தாலும் சரி, உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கலாம். இருபது கும்பிடு கைகளும் ஒரு "சூப்பர் ப்ரோ"வும் வரும், அடுத்த நிமிடம் யாராவது வாடகைக்கு வீடு கேட்பார்கள், விஷயம் மேலே போய்விடும். அதனால்தான் மடல்.

எங்கள் கொயரில், அதாவது ஆண்கள் மட்டும் பாடும் சேர்ந்திசைக் குழுவில், அடிக்குரல்காரர்கள் உட்காரும் செகண்ட் பேஸ் வரிசையில் நான்கு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் சேர்ந்தபோது அந்த வரிசையில் இடமில்லாமல், கோட் மாட்டும் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று பாடினேன். சிலர் இறந்துபோனார்கள். சிலருக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. ஒருவர் மகள் வீட்டோடு பிரிஸ்டல் போய்விட்டார். கோவிட் காலத்தில் ஜூமில் பாடிப் பார்த்தோம். ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு நேரத்துக்கு வந்து சேர, சந்தைக்கடை தோற்றது. அப்போது வீட்டோடு நின்றவர்களில் பலர் திரும்பி வரவில்லை. நீங்கள் வாருங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

நான் எப்படிப் போய் மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. "மூச்சை நல்லா உள்ளே இழுங்க, அப்படியே பிடிங்க, ம்ம், விடலாம்" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்வேனோ, கணக்கில்லை. ஒரு மதியம் எழுபதைத் தாண்டிய ஒருவர் வந்தார். சட்டையைக் கழற்றி, மோவாயைத் தூக்கி, தோளை முன்னால் தள்ளிப் பலகையோடு ஒட்டி நின்றார். நான் என் பல்லவியைப் பாடினேன். படம் எடுத்து முடிந்ததும் வழக்கமாக எல்லாரும் "என்ன தெரியுது?" என்று கேட்பார்கள். அவர், "அந்த மூச்சை இழுங்கறதை இன்னொரு தடவை சொல்லு, பட்" என்றார். சொன்னேன். "நீ செகண்ட் பேஸ்" என்றார். எனக்கு அது ஏதோ வியாதியின் பெயர் மாதிரிக் கேட்டது.

('பட்' என்பதற்குக் கோபப்படாதீர்கள். சுரங்கத்தில் கூடவே வேலை பார்த்த கூட்டாளிக்கு 'பட்டி' என்று பெயர், அதன் சுருக்கம். நம்ம ஊர் 'மாப்ள' மாதிரி.)

நோயாளியின் படத்தைப் பற்றி வெளியே பேசக்கூடாது, பேசவும் மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன். வருடக்கணக்கில் நிலக்கரித் தூசியைச் சுவாசித்த நெஞ்சை எக்ஸ்ரேயில் பார்த்தால், நுரையீரலின் மேல்பாதியில் அரிசிக் குருணையை இறைத்தது போல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். 1950களில் ஆர்ச்சி காக்ரன் என்ற மருத்துவர் ரோந்தா வாஹ் பள்ளத்தாக்கில், அதாவது சின்ன ரோந்தாவில், கிட்டத்தட்ட ஊர் முழுவதையும் எக்ஸ்ரே எடுத்து இந்த நோயை ஆராய்ந்தார். எங்கள் துறையில் அது பெரிய பெயர். அதே சின்ன ரோந்தாவில்தான் 1924இல், வேலையில்லாத ஆண்கள் பலர் சேர்ந்து பென்டைரஸ் கொயரைத் தொடங்கினார்கள். நெஞ்சில் தூசியோடு பாட்டு எப்படி வரும் என்று எனக்கு விளங்கவில்லை. முதல் செவ்வாயன்று ஒத்திகையில் அந்த முதியவரின் பக்கத்தில் நின்றபோது விளங்கியது. நீளமான ஒரு வரி. அதன் நடுவில் யாரும் மூச்சு வாங்கிய மாதிரியே காதில் படவில்லை. ஆனால் எல்லாரும் வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில். "நான் வாங்கும்போது நீ விடாதே, நீ வாங்கும்போது நான் பார்த்துக்கிறேன்" என்று இடைவேளையில் டீயை ஊதிக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். இதற்கு இங்கே ஒரு பெயரும் உண்டு, முறைவைத்து மூச்சு என்கிற மாதிரி. எனக்கு அவர் சொன்ன விதமே போதும்.

இனி பாட்டு விவகாரத்துக்கு வருகிறேன். வெல்ஷில் இந்தக் குழுக்களுக்கு 'கோர் மைபியோன்' என்று பெயர். மேலிருந்து கீழாக ஃபர்ஸ்ட் டெனர், செகண்ட் டெனர், பாரிடோன், செகண்ட் பேஸ் என்று நாலு குரல். மெட்டு பெரும்பாலும் டெனர்காரர்களுக்குப் போய்விடும். எனக்கு முதல் மாதம் கிடைத்ததெல்லாம் ஒரே சுரத்தை இழுத்துப் பிடித்து, ஒரு படி இறங்கி, மறுபடி ஏறுவதுதான். வீட்டில் பயிற்சி செய்தால் மனைவி, "இது பாட்டா, ஃபிரிட்ஜ் சத்தமா?" என்றாள். நாகஸ்வரக் கச்சேரியில் ஓரமாக உட்கார்ந்து ஒத்து ஊதுபவரை நினைத்துக்கொள்ளுங்கள். யாரும் அவரைப் பார்க்கமாட்டார்கள், அவர் நிறுத்தினால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த வேலைதான் நம்முடையது. நாலு குரலும் ஒன்றுசேரும் முதல் தடவை மட்டும் உள்ளே நின்று கேட்டுவிடுங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

"எனக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாதே" என்பீர்கள். எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. ஐந்து கோட்டு நோட்டேஷன் தெரியாத சுரங்கத் தொழிலாளிகளும் இரும்பாலைத் தொழிலாளிகளும் எப்படி நாலு குரலில் பாடினார்கள் தெரியுமா? டானிக் சோல்ஃபா. நாரிச் ஊரில் சாரா குளோவர் என்ற ஆசிரியை உண்டாக்கிய முறை, ஜான் கர்வென் என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டில் பரப்பினார். டோ ரே மீ என்று எழுத்தாகவே எழுதியிருக்கும். முக்கியமான விஷயம், டோ எந்தக் கட்டையிலும் இருக்கலாம். அதாவது நம் சட்ஜம். சின்ன வயதில் அம்மா இழுத்துக்கொண்டுபோய் ஸரளி வரிசைக்கு உட்காரவைத்தவர்களுக்கு இது பழைய சோறு. சபைக் கொயரில் பாடி வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

வெல்ஷ் மொழிக்குப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு ரகசியம்: அதைத் தமிழில் எழுதிவைத்துக்கொள்ளலாம். என் பாட்டுத் தாள்கள் முழுக்க பென்சிலில் தமிழ்தான். ஆங்கிலம் போல எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று என்கிற மோசடி அங்கே குறைவு. புணர்ச்சி விதி வேறு இருக்கிறது! மரம் கள்ளோடு சேர்ந்தால் மரங்கள் ஆகிறதல்லவா? அவர்களுக்கு கார்டிஃப் 'கைர்தீத்'. கார்டிஃபில் என்றால் முதல் எழுத்தே இளகி 'அங் ங்ஹைர்தீத்' ஆகிவிடும். 'ங' என்ற எழுத்தைத் தனியாக எதற்குப் படித்தோம் என்று பள்ளிக்கூடத்தில் எழுந்த சந்தேகம் எனக்கு இங்கே தீர்ந்தது. இரண்டு எல் சேர்ந்து வரும் அந்தப் பேர்போன ஒலிக்கு, நாக்கை 'ல'வுக்கு வைத்துக்கொண்டு காற்றைப் பக்கவாட்டில் விட்டால் போதும். ழ சொல்லிப் பழகிய நாக்குக்கு ஒரு வாரம் ஆகும். (வாழைப்பழத்தை வாளப்பளம் என்பவர்களுக்கு இரண்டு வாரம்.)

இது அவர்கள் சொத்து, நாம் போய் நிற்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லையா என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 1913இல் இந்தப் பள்ளத்தாக்குகளிலிருந்து ஏறத்தாழ 5.7 கோடி டன் நிலக்கரி வெட்டினார்கள். அதற்குக் கைகள் எங்கெங்கிருந்தோ வந்தன, அந்த வந்தேறிகளின் பேரன்கள்தான் இப்போது எங்கள் டெனர் வரிசை. 1960களிலிருந்து இந்த ஊர்களின் கிளினிக்குகளில் உட்கார்ந்து இவர்கள் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தவர்களில் நம் நாட்டு டாக்டர்கள் எத்தனை பேர்! நாம் புதிதாக வந்து கதவைத் தட்டவில்லை, ரொம்ப நாளாக வாசலிலேயே நிற்கிறோம்.

பால் ரோப்சன் கதை தெரியாதவர்களுக்காக. கறுப்பினப் பாடகர், அவர் அரசியல் பிடிக்காமல் அமெரிக்க அரசு 1950இல் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவிட்டது. பாஸ்போர்ட் சிக்கல் என்றால் என்ன என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. 1957 அக்டோபரில் போர்த்காலில் சுரங்கத் தொழிலாளர்களின் இசை விழா. அவர் நியூயார்க்கில் உட்கார்ந்து, அட்லாண்டிக் கடலடித் தொலைபேசிக் கம்பி வழியே பாடினார். அரங்கத்தில் ஒலிபெருக்கி. இந்தப் பக்கத்திலிருந்து ட்ரியோர்க்கி கொயர் அவருக்குப் பதிலுக்குப் பாடியது. 1895இல் விண்ட்சர் மாளிகையில் விக்டோரியா மகாராணி முன்னால் பாடியதும் ட்ரியோர்க்கி ஊர்க் குழுதான். இரண்டில் எதை எங்கள் ஆட்கள் அடிக்கடி சொல்வார்கள் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

மதம், குடி, நேரம். மூன்றையும் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆமாம், பாதிப் பாட்டு கிறிஸ்தவப் பாட்டுதான், ஒத்திகையும் பழைய சேப்பலில்தான். வீட்டில் முருகன் படம் வைத்திருக்கும் என்னை இதுவரை யாரும் எதுவும் கேட்டதில்லை. கச்சேரி முடிந்ததும் 'ஆஃப்டர்குளோ' என்று பப்பிலோ ரக்பி கிளப்பிலோ போய் உட்காருவார்கள். அங்கே தாள் இல்லாமல், வரிசை இல்லாமல் பாடுவதுதான் என்னைக் கேட்டால் நிஜக் கச்சேரி. நான் ஆரஞ்சு ஜூஸ்தான், ஒருவரும் வற்புறுத்தியதில்லை. நேரம் வாரத்துக்கு இரண்டு மணி நேரம். சனிக்கிழமை கிரிக்கெட்டுக்கு நாள் முழுக்க போகிறோம், அப்போது வராத குற்ற உணர்ச்சி இதற்கு மட்டும் ஏன்? பையன் இருந்தால் கூட்டி வாருங்கள். 1955இல் வட வேல்ஸின் லாங்கோத்லென் இசை விழாவில் ஆண் குரல் போட்டியில் பரிசு வாங்கிய இத்தாலிக் குழுவில் ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் தன் மகனோடு பாடினார். மகன் பெயர் லூசியானோ பவரோட்டி, பின்னாளில் உலகமே கொண்டாடிய ஓபரா பாடகர்.

பயம் வேண்டாம் என்று சொல்ல என் மானத்தையே அடகு வைக்கிறேன். என் முதல் கச்சேரி, சேப்பல் நிறைந்த கூட்டம். ஒரு பாட்டில் எல்லாரும் நிறுத்தி, முழு அமைதியாக ஒரு தாளச் சுற்று காத்திருந்து, மறுபடி மெதுவாக எடுக்கவேண்டும். அந்த அமைதியில் நான் மட்டும் எடுத்துவிட்டேன், கணீரென்று. மூன்றாவது பெஞ்சில் ஒரு பாட்டி வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டார். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆஃப்டர்குளோவில் அந்த முதியவர் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "சுருதி மட்டும் சரியா இருந்துச்சு" என்றார். இன்றைக்கும் அந்தப் பாட்டு வந்தால் அந்த இடத்தில் நான்கு தலையாவது என் பக்கம் திரும்பும்.

நம் ஊரில் சாவு வீட்டில் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைப்பார்கள். ஆண்கள் நாம் வெளியே பந்தல்காரரோடு கணக்குப் பேசிக்கொண்டு நிற்போம். அப்பா இறந்தபோது நானும் அப்படித்தான் நின்றேன், ஐஸ் பெட்டிக்கு யார் சொன்னது, வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு. இங்கே அபர்வான் என்று ஒரு ஊர். 1966 அக்டோபர் 21 அன்று நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்து 144 பேர் போனார்கள், அதில் 116 பேர் குழந்தைகள். அந்த ஊர் ஆண்கள் அதற்குப் பிறகு கூடித் தொடங்கியதுதான் அனிசோவென் கொயர். அவர்கள் பாடி நான் ஒருமுறை நேரில் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வரவில்லை.

என்னை இதில் இழுத்துவிட்ட முதியவர் போன வருடம் பிப்ரவரியில் இறந்தார். தகன மண்டபத்தில் நாங்கள் பிளேசர், டை, பேட்ஜோடு இரண்டு வரிசையில் நின்று பாடினோம். பக்கத்து இடம் காலி என்பதால் நான் மூச்சு வாங்க இடம் தேடித் தடுமாறினேன். பின்வரிசைப் பாரிடோன் ஒருவர் அதைக் கவனித்து, தன் வரிசையைவிட்டு அரை அடி முன்னால் வந்து என் சுரத்தைப் பிடித்துக்கொண்டார்.

செவ்வாயோ வெறுவாயோ என்பார்கள் நம் ஊரில், நல்ல காரியம் தொடங்கமாட்டோம். அதெல்லாம் அங்கே. இங்கே எங்கள் ஒத்திகை செவ்வாய் இரவு 7 மணி. வேறு ஊர்க் கொயர்களுக்கு வேறு நாள் இருக்கும், உங்கள் பக்கத்துச் சேப்பலில் விசாரித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். ஸ்வெட்டர் போட்டு வாருங்கள், சேப்பல் ஹீட்டர் எட்டு மணிக்குத்தான் சூடாகும், ஒன்பதுக்கு நாங்கள் கிளம்பிவிடுவோம். இடைவேளை டீக்குப் பலகாரம் முறைவைத்துக் கொண்டுவருகிறோம். முறுக்கு மட்டும் வேண்டாம். போன தீபாவளிக்கு நான் ஒரு டப்பா கொண்டுபோய், தொண்டையில் தூள் சிக்கி, இரண்டாம் பாதி முழுக்க டெனர் வரிசை இருமியது. கமிட்டி கூடி முறுக்கைத் தடை செய்திருக்கிறது. மைசூர்பாகு பற்றி இன்னும் தீர்மானம் வரவில்லை.

அன்புடன்,
செகண்ட் பேஸ், இடதுபக்கம் மூன்றாவது நாற்காலி