சைக்கிள் கற்றுக்கொடுத்த அறிவொளி அக்காவுக்கு

அக்கா, உங்கள் பேர் எனக்குத் தெரியாது. ஊரே உங்களை "அறிவொளி டீச்சர்" என்றுதான் கூப்பிட்டது. 1990களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்த சமயம். சம்பளம் வாங்காமல் சாயங்காலம் வந்து, பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக்கொடுத்தீர்கள்.

பொம்பளை சைக்கிள் மிதித்தால் டீக்கடை பெஞ்சே சிரித்த காலம் அது. கல்குவாரியில் வேலை பார்த்த எங்கள் அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேரியரைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கூடவே ஓடி வந்தீர்களே, அந்தத் தைரியம். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளில்தான் பழகினார். அப்புறம் அதுவே வசதியாகப் போயிற்று, முன் பாரில் தம்பியை உட்கார வைக்கலாம்! பின்னால் தண்ணீர்க் குடம். பஸ்ஸுக்கும் அப்பாவுக்கும் காத்திருந்ததெல்லாம் அதோடு நின்றது.

பிறகு அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்தது. 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் மகள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிறாள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ராத்திரி ஏன் லேட் என்ற கேள்வி இன்னும் அவளுக்கு மட்டும்தான், மகனுக்கு இல்லை.

அம்மா உங்களை ரொம்ப விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். எங்கே இருந்தாலும், நன்றி அக்கா.