மரண அறிவிப்புகளுக்குப் பெயரடைவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய நாளிதழ்களில் வெளிவந்த மரண அறிவிப்புகளைப் படியெடுத்து, வம்சாவளி தேடுவோருக்காகப் பெயரடைவு (எந்தப் பெயர் எந்த இதழில், எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் பட்டியல்) தயாரிக்கும் தன்னார்வலர்களுள் நானும் ஒருவன். இந்தப் பணிக்கு இன்னும் பலர் வேண்டும் என்பதாலும், நாளிதழ்களின் துணையும் தேவை என்பதாலும் இதை எழுதுகிறேன்.

இறப்புப் பதிவேடு ஒருவர் எப்போது, எங்கே மறைந்தார் என்பதைச் சொல்லும். அவருடைய பெற்றோர், உடன்பிறந்தோர், மணமாகி வேற்றூர் சென்ற மகள்கள், பேரப்பிள்ளைகள் என மூன்று, நான்கு தலைமுறையினரை ஒரே பத்தியில் ஒன்றாக நிறுத்திக் காட்டுவது மரண அறிவிப்புதான். ஆகவே, இறந்தவரின் பெயரை மட்டும் பதிந்துவிட்டு அடுத்த பக்கத்திற்குப் போவது பாதி வேலைதான் என்பது என் உறுதியான கருத்து. தேடி வருபவருக்குப் பெரும்பாலும் இறந்தவரின் பெயரே தெரிந்திருக்காது. அவருடைய தங்கையின் பெயரோ மருமகனின் பெயரோதான் தெரிந்திருக்கும். திருமணத்தோடு பெயர் மாறிய பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடும் புகுந்த வீட்டுப் பெயரோடும் ஒருசேரத் தென்படும் இடமும் பல சமயங்களில் இந்த ஒரு பத்தியாகவே இருக்கிறது. அறிவிப்பில் வரும் ஒவ்வொரு பெயரும் உறவுமுறையுடன் தனிப் பதிவாக வேண்டும்.

என் பாட்டியின் மரண அறிவிப்பை வீட்டில் யாரோ மிகுந்த அன்போடு ஓரம் பிசகாமல் கத்தரித்து, ஒரு புத்தகத்துக்குள் வைத்திருந்தார்கள். அதில் ‘சென்ற வியாழக்கிழமை காலமானார்’ என்று இருக்கிறது. இதழின் பெயரும் தேதியும் கத்தரிக்கோலோடு போய்விட்டன. எந்த ஆண்டின் வியாழக்கிழமை என்பதை அறிய, அதன் பின்பக்கத்தில் பாதியாக நின்ற ஒரு செய்தியை வைத்துக்கொண்டு பல மாதங்கள் தேட வேண்டியிருந்தது. நறுக்கை எடுத்துவைப்பவர்கள் இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தால், பின்னால் வருபவருக்கு அந்த அலைச்சல் நேராது.

நறுக்கு மட்டும் போதாது. தாளும் நிலைக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நாளிதழ்கள் மலிவான மரக்கூழ்த் தாளில் அச்சாகின்றன. அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது; தாளிலுள்ள அமிலம் இழைகளை அரித்து நொறுங்கச் செய்கிறது. செலோ டேப் ஒட்டுவதும் லேமினேட் செய்வதும் பாதுகாப்பல்ல, சேதம். முதலில் தெளிவாக ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு அமிலமற்ற உறையில், வெளிச்சமும் ஈரமும் படாத இடத்தில் வைப்பதே நல்லது.

ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினியே படித்துவிடாதா என்று கேட்கிறார்கள். மங்கிய அச்சிலும் மடிப்பு விழுந்த வரியிலும் கணினி தடுமாறுகிறது. ஆஸ்திரேலிய தேசிய நூலகம் 2008இல் பழைய நாளிதழ்களை இணையத்தில் வெளியிட்டபோது, இத்தகைய பிழைகளைப் பொதுமக்களே திருத்த வழிசெய்தது. அந்தப் பணி இன்றும் தொடர்கிறது. ஒரே பக்கத்தை இருவர் தனித்தனியே படியெடுக்க, மாறுபடும் இடத்தை மூன்றாமவர் மூலத்தைப் பார்த்து முடிவுசெய்வது நம்பகமான முறை. அச்சில் இருப்பதை அப்படியே எழுத வேண்டும். பிழையென்று தோன்றினாலும் மூலத்தைத் திருத்தாமல், குறிப்பாக மட்டும் சேர்க்க வேண்டும். துயரத்தின் நடுவே அவசரமாக எழுதப்படும் அறிவிப்பில் வயதும் வரிசையும் தவறுவதுண்டு என்பதால், ஆய்வாளர்கள் பிற ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் அவசியம். உயிரோடிருப்பவர்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் அடைவில் சேர்க்கவே கூடாது.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். பைண்டு செய்யப்பட்ட பழைய இதழ்த் தொகுதிகளைத் தாங்கள் மேற்பார்வையிட, தன்னார்வலர்கள் படமெடுக்க அனுமதி தர வேண்டும்; அறிவிப்பின் முழு வாசகத்தை நாங்கள் வெளியிடப் போவதில்லை, பெயர், உறவுமுறை, இதழின் தேதி, பக்க எண் ஆகியவை மட்டுமே அடைவில் இடம்பெறும். இனி வரும் அறிவிப்புகளில், ‘நேற்று’ என்பதோடு நின்றுவிடாமல், மறைந்த நாளை ஆண்டுடன் முழுமையாக அச்சிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்