வெயிலும் குளிசையும்

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்றரை மாதம். வலது கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்தது, அதனால்தான் பதில் தாமதம். குளியலறை வாசலில் சறுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலிப்பு வந்துதான் விழுந்தேன் என்று வீட்டில் பதறிப்போனார்கள். இல்லை, வெறும் ஈரத்தரை.

இவ்வளவு லேசாக விழுந்ததற்கு முறியக்கூடாதே என்று எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க டொக்டர் சொன்னார். இடுப்பு எலும்பின் அடர்த்திக்கு மைனஸ் 2.6 என்று வந்தது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, எலும்பு மெலிந்து லேசாக முறியும் நோய்.

38 வருடமாக நான் விழுங்கும் வலிப்புக் குளிசை ஃபெனிட்டோயினுக்கும் இதில் பங்கு இருக்கிறதாம். அந்தக் குளிசை ஈரலை முடுக்கிவிடுகிறது. ஈரல் அந்த வேகத்தில் வைட்டமின் டி-யையும் சிதைத்துவிடுகிறது. டி குறைந்தால் சாப்பாட்டில் இருக்கும் கல்சியம் குடலில் சரியாக ஏறாது. இரத்தத்தில் கல்சியம் குறைய உடம்பு விடுமா? எலும்பிலிருந்து எடுத்து ஈடுகட்டிவிடும். கார்பமாசெபின், பீனோபார்பிட்டோன் என்ற வலிப்புக் குளிசைகளும் இப்படித்தான். இத்தனை வருடம் கிளினிக் போனேன், ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

ஆனால் குளிசையை மட்டும் குறை சொல்ல என் மனம் வரவில்லை. 17 வயதில் முதல் வலிப்பு வந்த பிறகு அம்மா என்னை எங்கே வெளியே விட்டா? நெட்போல் போச்சு, சைக்கிள் போச்சு. நீங்கள் எல்லாரும் மைதானத்தில் நிற்க, நான் யன்னலுக்குள் இருந்தேன். பயம்தான், பாவம். எலும்புக்கோ பாரம் வேண்டும். ஒவ்வொரு அடியும் அதில் அழுந்த அழுந்தத்தான் அது தன்னைக் கட்டிக்கொள்ளும்.

இப்போது பின்னேரங்களில் மகளோடு மரைன் டிரைவில் அரை மணி நேரம் வேகமாக நடக்கிறேன். லிஃப்டை விட்டுவிட்டு மூன்று மாடி ஏறுகிறேன். நீச்சலில் எலும்பில் பாரம் விழாது, அதோடு தனியே நீந்துவது வலிப்பு உள்ள எங்களுக்கு ஆபத்து. வெயிலுக்கு வேறு நேரம். காலை பத்து மணிக்கு மொட்டை மாடியில், காயும் சேலைகளுக்கு நடுவே சட்டைக் கையை மடித்துவிட்டு நிற்கிறேன். கட்டு அவிழ்த்த கை மற்றக் கையில் பாதியாய் மெலிந்து, தோல் உரிந்து கிடந்தது. அதை வெயிலில் நீட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெயில் மட்டும் எனக்குப் போதாது என்று இரத்தப் பரிசோதனை சொன்னது, அதனால் வைட்டமின் டி-யும் எடுக்கிறேன். 2006இல் வெளிவந்த பெய்ரூட் ஆய்வு ஒன்றை டொக்டர் சொன்னார். வலிப்புக் குளிசை எடுக்கும் பெரியவர்களில், ஒரு வருடம் நாளுக்கு 4000 அலகு டி எடுத்தவர்களின் எலும்பு அடர்த்தி கூடியதாம், 400 அலகு எடுத்தவர்களுக்குக் கூடவில்லையாம். அதற்காக நாமாக 4000 வாங்கி விழுங்கக்கூடாது, பரிசோதித்துத்தான் அளவு தருவார்கள். கல்சியக் குளிசையைச் சாப்பாட்டோடு எடுக்கிறேன், ஃபெனிட்டோயினுக்கு இரண்டு மணி நேரம் தள்ளி. சேர்த்து எடுத்தால் ஃபெனிட்டோயின் சரியாக ஏறாது. அப்புறம் குரக்கன் புட்டும் நெத்தலியும் வீட்டில் வழக்கமாகிவிட்டன.

இவ்வளவும் எழுதுவது உன் தம்பியை நினைத்துத்தான். அவனும் சின்ன வயதிலிருந்து குளிசை எடுக்கிறான், வீட்டை விட்டு இறங்குவதில்லை என்று எழுதியிருந்தாய். பயந்துபோய்க் குளிசையை மட்டும் நிறுத்திவிடாதே, வலிப்பு திரும்பினால் அது பெரிய ஆபத்து. அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்து எனக்கு எழுது. அடுத்த கிளினிக்கில் வைட்டமின் டி பார்க்கச் சொல்லிக் கேள். அதுவரை பின்னேரங்களில் அவனைக் கல்லடிப் பழைய பாலம் வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போ. நீயும் கூட நட, நமக்கும் 55 ஆகிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வெள்ளவத்தைச் சிநேகிதி