நிலவனின் வகுப்பைப் பற்றி

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி முன்னைக்குத் தேவலை. மற்றச் செய்திகளைப் பிறகு எழுதுகிறேன். சென்ற வாரம் வீடியோவில் பேசியபோது நிலவன் லக்ராஸ் (வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் ஆட்டம்) மட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே, "நான் பாஸ்தான் தாத்தா, ஆனாலும் அடுத்த வருஷமும் எட்டாம் வகுப்புதான்" என்றான். நீ உடனே பேச்சை மாற்றிவிட்டாய். அதனால்தான் இதைக் கடிதமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஆட்டத்தில் பெரிய பிள்ளைகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்றுதானே அவனை அதே வகுப்பில் இன்னொரு வருஷம் படிக்க வைக்க நினைக்கிறீர்கள். உன் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. நீ அனுப்பிய காணொளியில் அவனை இடித்துத் தள்ளிய பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. நம் பிள்ளையின் தலைக்கவசம் அவன் தோளுக்குத்தான் எட்டியது. பள்ளிப் படிப்பை முடிக்கும் ஆண்டை வைத்து அணி பிரிக்கும் போட்டிகள் அங்கே அமெரிக்காவில் பல இருப்பதால், ஒரே வகுப்பை இரண்டு முறை படித்தவர்களும் 2030இல் பள்ளி முடிப்பவர்களின் அணியில், அதாவது நிலவனின் 2030 அணியில், விதிப்படியே ஆட முடிகிறது. ஆனால் அந்த ஆட்டத்தின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ லக்ராஸ் வகுத்த வயது முறை வகுப்பைப் பார்ப்பதில்லை, ஆகஸ்ட் 31 அன்று என்ன வயது என்றுதான் பார்க்கிறது. அந்த முறைப்படி நடக்கும் போட்டிகளில் இந்த ஓராண்டால் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. மற்றப் போட்டிகளில் பயன் உண்டுதான். ஆனால் நவம்பர் 2011இல் பிறந்த நிலவன் 2031 அணிக்குப் போனால், ஆகஸ்ட் 2013இல் பிறந்த பிள்ளையோடும் மோத வேண்டிவரும். இடையில் ஒன்றே முக்கால் ஆண்டு. அந்தப் பிள்ளையைப் பெற்றவளும் உன்னைப் போலத்தான் ஓரத்தில் நின்று பதறுவாள்.

கல்லூரியில் இடம் கிடைப்பதற்காக என்று நீ சொல்லலாம். கல்லூரி விளையாட்டின் முதல் நிலையான டிவிஷன் ஒன் கல்லூரிகளின் பயிற்சியாளர்கள், மாணவன் பதினோராம் வகுப்புக்கு வரும் ஆண்டின் செப்டம்பர் 1க்கு முன் அவனிடம் ஆள்சேர்ப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று 2017இலேயே விதி வந்துவிட்டது. சின்னப் பிள்ளைகளை அவசரப்படுத்துகிறார்கள் என்பதால்தானே அந்த விதியே வந்தது? பிறகு எட்டாம் வகுப்பிலேயே நமக்கு ஏனம்மா இந்த அவசரம்?

நீ டிசம்பர் கடைசியில் பிறந்தவள். இங்கே சிங்கப்பூரில் ஜனவரி 2 முதல் அடுத்த ஜனவரி 1 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு என்பதால், வகுப்பிலேயே நீதான் சின்னவள். உயர்நிலைப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கான சி பிரிவு நெட்பால் அணியில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரியாக உட்கார்ந்திருந்தாய். பிறகு பெரிய வகுப்புகளுக்கான பி பிரிவில் கோல் டிஃபென்ஸ் என்ற தடுப்பாட்டக்காரியாக ஆடி, உன்னைவிட ஒரு சாண் உயரமான பிள்ளைகளிடமிருந்து பந்தைப் பறித்தாய். அதை இன்றும் காப்பிக்கடையில் நண்பர்களிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அப்படிக் காத்திருந்து வளர்ந்த நீயே மகனுக்கு, தன் வகுப்போடு மேலே போய் அப்படி வளரும் காலத்தைக் கொடுக்க மறுப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முடிவு உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும்தான். ஆனால் பள்ளிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவனிடம் ஒரு வார்த்தை கேள். பயிற்சியாளர் முன்னால் வேண்டாம். வீட்டில், தனியாகக் கேள். தன் நண்பர்கள் எல்லாரும் ஒன்பதாம் வகுப்புக்குப் போக, தான் மட்டும் அங்கேயே இருப்பதை அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று கேள். அவன் மனதார ஒப்புக்கொண்டால் நான் இதைப் பற்றி மறுபடி பேச மாட்டேன்.

கேட்டுவிட்டு எனக்குப் போன் செய். உங்கள் காலை ஒன்பது மணிக்கு அழைத்தால் நான் விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா
ஈசூன்