மகளின் இரைப்பையிலிருந்த மயிர்க்கட்டியை அகற்ற உதவியவர்களுக்கு நன்றி

மதிப்புக்குரிய எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் மகள் சுகமடைந்து, மீண்டும் பள்ளிக்கூடம் செல்லத் தொடங்கியிருக்கிறாள். அவளுடைய இரைப்பையில் இருந்தது புற்றுநோய் அன்று. அவள் நெடுங்காலமாகப் பிடுங்கி விழுங்கிவந்த தலைமயிர் திரண்டு உருவான கட்டி. அரைகுறையாகப் பரவும் கதைகளிலும் பார்க்க உண்மையை நாங்களே சொல்வது நல்லதென்று அவளும் சம்மதித்ததால், பெயரைத் தவிர்த்து இம்மடலை எழுதுகிறோம்.

முதல் நன்றி அவளுடைய வகுப்பாசிரியைக்கு உரியது. இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்பதும், வாந்தியும், நாளுக்கு நாள் மெலிவதுமாக இருந்த பிள்ளைக்குப் பூச்சி மருந்தும் வாய்வு மருந்தும் மாறிமாறிக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், பாடநேரத்தில் அவள் மயிரை விரலில் சுற்றிப் பிடுங்கி வாயில் வைப்பதையும் உச்சியில் ஓரிடம் வழுக்கையாகி வருவதையும் கவனித்தவர் அவர்தான். வகுப்பில் ஒரு சொல்லும் சொல்லாமல், மாலையில் வீட்டுக்கு வந்து, இதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள் என்றார். வயிற்றில் கட்டி இருப்பதை ஸ்கான் காட்டியபோது, அது என்ன கட்டி என்பதை வைத்தியர்கள் விரைவில் ஊகிக்க அந்தத் தகவலே வழிகாட்டியது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணர், தாளில் படம் வரைந்து எங்களுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். மயிர் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதை இரைப்பைச் சாற்றால் செரிக்க முடியாது. வழுவழுப்பாக இருப்பதால் இரைப்பையின் அசைவுக்கும் அகப்படாமல் மடிப்புகளில் தங்கி, உணவோடும் சளியோடும் பின்னிப் பிணைந்து, ஈற்றில் இரைப்பையின் வடிவத்தையே எடுத்துவிடுகிறது. சிலருக்கு அது வால்போல நீண்டு சிறுகுடலுக்குள்ளும் இறங்கும். 1968ஆம் ஆண்டிலிருந்து அந்நிலையை ரப்பன்சல் சிண்ட்ரோம் என்கிறார்கள். மகளுக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனாலும் விட்டுவைத்தால் புண், அடைப்பு, இரைப்பையில் துளை என்று எதுவும் நேரலாம் என்பதாலும், இவ்வளவு பெரிய கட்டியை வாய்வழியாகக் குழாய் விட்டுத் துண்டு துண்டாக எடுப்பது கடினம் என்பதாலும், வயிற்றைத் திறந்து முழுதாக அகற்றினார்கள்.

அவருக்கும், மயக்க மருந்து கொடுத்த வைத்தியருக்கும், விடுதித் தாதியருக்கும், சிற்றூழியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இரத்தச்சோகையால் வாடியிருந்த பிள்ளைக்கு ஏற்றப்பட்ட குருதி யாருடையதென்று எங்களுக்குத் தெரியாது. முகமறியாத அந்தக் கொடையாளர்களையும் வணங்குகிறோம். அரச வைத்தியசாலையின் இலவச மருத்துவம் இல்லையென்றால் எங்களைப் போன்ற தீவகக் குடும்பத்துக்கு இது எட்டாத சிகிச்சை.

எல்லோரிலும் கூடுதலாக நன்றி சொல்ல வேண்டியவர் மனநல வைத்தியர் என்று நாங்கள் கருதுகிறோம். மயிரைப் பிடுங்கும் உந்துதல் அப்படியே இருந்தால் கட்டி மறுபடியும் வரக்கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்லி, கை தலைக்குப் போகும் கணத்தைத் தானே கவனிக்கவும், உடனே விரல்களை இறுக மூடிக்கொள்ளவும் அவர் மகளைப் பழக்கிவருகிறார். மொட்டையடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கறையோடு சொன்ன உறவினர்களை அழைத்து, இது பிள்ளையின் பிடிவாதம் அன்று, ஏச்சும் வெருட்டலும் உந்துதலைக் கூட்டவே செய்யும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அதன்பிறகு வீட்டில் ஒருவரும் அவளை ஏசியதில்லை. இதைக் கேட்டு நடந்த அந்தப் பெரியவர்களுக்கும் நன்றி.

கிளினிக் இன்னும் தொடர்கிறது. அந்த நாட்களில் விடுமுறை தந்து, தவறிய பாடங்களைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கவும் ஒழுங்கு செய்திருக்கும் அதிபருக்கும், எரிபொருட் காசுகூட வாங்காமல் ஓட்டோவில் எங்களை ஏற்றியிறக்கும் அயலவருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி.

இங்ஙனம்,
பெற்றோர்,
தீவகம், யாழ்ப்பாணம்.